வெசாக் பல்பும் என் நோர்வே விளக்கும்

1

வாரத்தில் மூன்று நாள் காலையில் நான் ஒரு பெட்டிக்குள் போய் நிற்கிறேன். ஆள் உயரப் பெட்டி. உள்ளே சுற்றிவர இருபத்துநான்கு குழல் விளக்குகள். உடம்பில் ஒரு சிறிய உள்ளாடை, கண்ணில் நீச்சல்காரர்கள் போடுவதுபோன்ற ஒரு கறுப்புக் கண்ணாடி, வேறொன்றும் இல்லை. கதவைச் சாத்தியதும் விளக்குகள் உறுமிக்கொண்டு எரியும். கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கோழியைக் கம்பியில் கோத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றவிடுவார்கள். அந்தக் கோழிக்காவது சுற்றுவதற்கு ஒரு மோட்டார் இருக்கிறது. நான் அசையாமல் நிற்கவேண்டும்.

நோயின் பெயர் சொரியாசிஸ். தோல் அவசரப்பட்டு வளர்வதால் வருவது. முழங்கை, முதுகு, கெண்டைக்கால் எல்லாம் சிவந்து, மேலே வெள்ளிச் செதில் போல உரியும். பெட்டியிலிருந்து வரும் புறஊதாக் கதிர் அந்த அவசரத்தைக் கொஞ்சம் அடக்குகிறது. நோய் யாருக்கும் ஒட்டாது. 'ஒட்டாது' என்பதை நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சரளமாகச் சொல்லப் பழகிவிட்டேன். தமிழில் மட்டும் இந்த வருடம் வரை யாருக்கும் சொன்னதில்லை.

போன வாரம் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது, நோர்வேயின் பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரித் தாதி நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு நின்றாள். புதுவருடத்தில் இந்தப் பெட்டியை எடுத்துவிடப் போகிறார்களாம். எல்லோருக்கும் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் தட்டையான விளக்கு. எத்தனை வினாடி என்பதைக் கைத்தொலைபேசி சொல்லும். இனி மழையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்றாள். பதற்றத்தில் நான் 'நன்றி' என்பதற்குப் பதிலாக 'வாழ்த்துகள்' என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவசரத்துக்கு என் வாயில் வருவது இந்த இலட்சணத்தில்தான் இருக்கிறது.

உண்மையில் எனக்கு அது நல்ல செய்தி அல்ல. அந்த மூன்று காலைகளில்தான் ஒருவர் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறார். என் மகள் மீனா அதே நகரத்தில்தான் இருக்கிறாள். அவள் தொலைபேசியில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். நான் ஒரு கட்டைவிரல் திருப்பி அனுப்புவேன். அப்பாவும் மகளும் கட்டைவிரலால் குடும்பம் நடத்துகிறோம்.

வீட்டு விளக்கு என்றதும் எனக்கு ஆடி மாதத்துப் பன்வில, கண்டிக்கு மேலே மலையில் இருக்கும் என் ஊர், நினைவு வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல நோயில் தொடங்கிவிட்டேன். வயதானவர்களைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

2

நோர்வே அரசாங்கத்துக்கு என்னைப்போன்ற தோல்காரர்கள் மேல் ஒரு கருணை உண்டு. எங்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு வெயில் தீவுக்கு அனுப்பிவைக்கும். வெயில்தான் மருந்து. இந்தக் கோடைக்கு முன் வைத்தியர் விண்ணப்பத்தை நீட்டினார். அதில் பதினொரு கேள்விகள். நான் ஒன்பதாவது கேள்விவரை வந்து பேனையை மூடினேன்.

"எனக்குச் சொந்தமாகவே ஒரு தீவு இருக்கிறது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில்" என்றேன்.

வைத்தியர் மரியாதையாகத் தலையசைத்தார். இருந்தாலும் வெயில் எப்படியோ என்று, கையில் பிடித்துக் காட்டும் ஒரு சிறிய புறஊதா விளக்கையும் இரவலாகத் தந்தார். அதற்கு ஒரு தனி விண்ணப்பம்.

நான் பன்விலவில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பிறந்தது பக்கத்து மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில். ஆடி மாதத்தில் அந்த மலைக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. துவைத்த சட்டை நான்கு நாள் காயாமல் பூஞ்சணம் பிடிப்பதை அனுபவித்தவன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் ஊர் மனதுக்குள் தானாகக் காய்ந்துவிடுகிறது. நினைவில் ஒரே வெயில். அப்படியாக, இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் நிற்கும் நோர்வேக் கோடையை விட்டுவிட்டு, வெயில் தேடிப் பன்விலவுக்குப் போய் இறங்கினேன். எதிரே நின்ற தம்பியின் முகம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

"என்னாண்ணே, இந்த மழையில வந்துட்டீங்க?" என்றான் தம்பி சிவலிங்கம்.

"சும்மாதான். கௌரிக்குப் புள்ள பொறக்கப் போகுதே, பாக்கலாம்னு."

கௌரி அவனுடைய ஒரே மகள். புருஷன் கட்டாரில் வேலை. அவளுக்கு முதல் பிரசவம் என்பதும் உண்மைதான். காரணங்களில் அது இரண்டாவதாக இருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

3

வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டியைத் தனியாகத் திறக்க எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். சொக்லேட், சவர்க்காரம், சட்டைத் துணி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அடியில் விளக்கு இருந்தது.

"இது என்னங்கத்தான், சீப்பு மாதிரி?" என்று தம்பியின் மனைவி புஷ்பம் கேட்டாள்.

"முழங்கால் வலிக்கு. நீல வெளிச்சம். ஆஸ்பத்திரியிலேயே குடுத்தாங்க."

"முழங்காலுக்கு மட்டுமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். தோல் வியாதி என்று சொன்னால் தட்டும் கோப்பையும் தனியாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வந்த முதல் நாளே கொஞ்சம் பெருமையாக இருக்கலாமே என்ற ஆசை இன்னொரு பக்கம்.

"எல்லாத்துக்கும் நல்லது" என்றேன்.

அடுத்த இரண்டு நாளில் ஏழு பேர் முழங்காலோடு வந்தார்கள். ஒற்றைக் காலாக எண்ணினால் பன்னிரண்டு, இரண்டு பேருக்கு ஒரு கால்தான் வலி. அவர்களில் ஒருவர் மடவளையிலிருந்து வந்த தம்பியின் சிநேகிதர் ரஸீன் நானா. எல்லோருக்கும் அண்ணன் முறையில் 'நானா'; மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"மாஸ்டர், அந்த லண்டன் டோர்ச்ச நம்ம முட்டிக்கும் கொஞ்சம் அடிங்களே."

"லண்டன் இல்ல நானா. நோர்வே."

"அது லண்டனுக்கு அங்கால தானே?"

இந்த விளக்கை மற்றவர் தோலில் காட்டக்கூடாது. அளவு தவறினால் கொப்பளித்துவிடும். அதை விளக்கப்போனால் நோயைச் சொல்ல வேண்டும். ஆகவே, இங்குள்ள கரண்ட் இதற்கு ஒத்துவராது என்று ஒரு போடு போட்டேன்.

ரஸீன் நானா விளக்கின் அடியில் ஒட்டியிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ரெண்டு கரண்டும் ஒண்டு தானே, மாஸ்டர்" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. தொழில்காரர் என்ற முறையில் ஒரு தகவலாகச் சொன்னார். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நோர்வேக்காரன் கருமி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

4

பிள்ளை பிறந்தது. பெண். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கௌரி ஒரு சட்டம் போட்டாள். யார் பிள்ளையைத் தூக்க வந்தாலும் "கை கழுவிட்டீங்களா?" என்று கேட்பாள். தகப்பனையும் கேட்டாள், தாயையும் கேட்டாள். என்னையும் கேட்டாள்.

"எனக்குத் தடிமன்மா, மூக்கு ஒழுகுது. அப்புறம் தூக்குறேன்" என்றேன்.

என் முழங்கைச் செதில் அந்தப் பிள்ளையின் துணியில் உதிர்ந்துவிடுமோ என்ற பயம். ஒட்டாது என்று எனக்கே இரண்டு மொழியில் தெரியும். இருந்தும் என் கையை நானே நம்பவில்லை. தும்மல் இல்லாத அந்தத் தடிமன் நாள்கணக்கில் நீடித்தது.

பிள்ளை மஞ்சள் பூக்கத் தொடங்கியது. முதலில் முகம், பிறகு நெஞ்சு. பிறந்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வருவதுதான். இளவெயில் காட்டினால் போய்விடும் என்று புஷ்பம் தினமும் காலையில் பிள்ளையைச் சுற்றியெடுத்துக்கொண்டு பின்கதவு வாசலில் கதிரை போட்டு உட்காருவாள். நானும் பக்கத்தில் இன்னொரு கதிரையில் முழுக்கைச் சட்டையோடு உட்காருவேன். யாரும் பார்க்காத நேரத்தில் கையை மெல்லச் சுருட்டுவேன். வீட்டில் வயதில் மூத்தவனும் இளையவளும் ஒரே வெயிலுக்காகக் காத்திருந்தோம். நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து மூட்டம்தான் வந்தது. அது பின்கதவு வழியாக நுழைந்து குசினிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

வந்து பார்த்த மருத்துவமாது, மஞ்சள் கால்வரை இறங்கினாலோ பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தாள். புஷ்பத்துக்கு அதில் இஷ்டமில்லை. "முப்பது நாள் தீட்டு கழியாம பச்சப் புள்ளைய வெளிய எடுக்கிறதா? அதுவும் இந்த மழையில? அங்க கொண்டுபோனாலும் நீல லைட்டுக்குக் கீழதான் போடப் போறாங்களாம்."

அடுத்த நாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கௌரியின் அறை கோயில் திருவிழாவைப் போல இருந்தது. சுவரும் கட்டிலும் ஆட்களும் ஒரே நீலம். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு வீதியில் சோடிக்கிற நீல பல்ப் ஒன்று தொட்டிலுக்கு மேலே தொங்கியது. பக்கத்தில் ரஸீன் நானா ஏணியோடு நின்றார்.

"கேட்டாங்க, கொண்டாந்தேன். வெசாக்குக்கு எடுத்த சரக்கில மிச்சம் ஈந்திச்சு" என்றார்.

"பாருங்கத்தான், மஞ்சள் எங்க போச்சுன்னே தெரியல!" என்றாள் புஷ்பம். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னான்.

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பிள்ளையின் முகத்தில் மஞ்சளைக் காணவில்லை. ஒரு நிமிடம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. பிறகு தற்செயலாகப் புஷ்பத்தின் கழுத்தைப் பார்த்தேன். முதல்நாள்தான் மஞ்சள் பூசி மாற்றிய தாலிக்கயிறு. அது சாம்பல் நிறத்தில் இருந்தது.

"புஷ்பம், உன் தாலிக்கயிறுக்கும் மஞ்சள் போயிருச்சா?"

அவள் குனிந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நீல வெளிச்சத்தில் எந்த மஞ்சளும் மஞ்சளாகத் தெரியாது. அந்த பல்ப் பிள்ளையைச் சுகப்படுத்தவில்லை. எங்கள் கண்ணைத்தான் கட்டியிருந்தது.

5

பல்பை அணைத்தோம். கௌரி பிள்ளையை ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். மூட்டத்தில் வந்த சாம்பல் வெளிச்சமே போதுமாக இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சள், வயிறு மஞ்சள், உள்ளங்கால் மஞ்சள்.

"காலையிலேருந்து பால் குடிக்கல பெரியப்பா. எழுப்ப எழுப்பத் தூங்குறா" என்று கௌரி அழத் தொடங்கினாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இருங்கத்தான்" என்றாள் புஷ்பம். "உங்க வெளக்கு இருக்குல்ல? அதுவும் நீலந்தானே? எல்லாத்துக்கும் நல்லதுன்னு சொன்னீங்களே. கொஞ்ச நேரம் காட்டிப் பாப்போம்."

"அது கூடாது."

"முழங்காலுக்குத்தான் தரல. புள்ளைக்குமா?"

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். புறஊதா, அலைநீளம், அளவு என்று வாத்தியார்த் தமிழ்தான் வந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. கரண்ட் விஷயத்தில் பொய் சொன்னவனுடைய அலைநீளத்தை யார் நம்புவார்கள்? பிள்ளை கௌரியின் தோளில் சுருண்டு கிடந்தது.

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். இரண்டு கையையும் தோள்வரை சுருட்டிக் காட்டினேன். முழங்கையில் சிவந்து தடித்துச் செதில் உரிந்த தோல்.

"வெளக்கு முழங்காலுக்கு இல்ல. இதுக்கு. இது தோலைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுடுற வெளிச்சம். பச்சப் புள்ள தோல் வெந்துரும். ஆஸ்பத்திரி நீலம் வேற, இது வேற. மீனா பொறந்தப்ப அவளையும் அந்த நீலத்துலதான் வச்சாங்க, எனக்குத் தெரியும். என்னை நம்ப வேணாம். இந்தக் கையை நம்புங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது ஒட்டாது" என்றேன். தமிழில் அது எவ்வளவு சிறிய சொல்.

புஷ்பம் ஒரு அடி பின்னால் போனாள். அவள் வேண்டுமென்று போகவில்லை. கால் தானாகப் போனது.

"கௌரி கல்யாணத்துல அந்தப் புழுக்கத்துல கோட்டைக் கழட்டாம இருந்தீங்களே, அது இதுக்குத்தானாண்ணே?" என்றான் தம்பி.

"ஆமா."

"நாங்க நோர்வே ஸ்டைலுன்னு நெனச்சோம்."

ரஸீன் நானா ஏணியைச் சுவரில் சாய்த்தார். "பேசிட்டு ஈக்க நேரமில்ல. வேன் கீழ நிக்கிது. புள்ளைய எடுங்க தங்கச்சி."

புஷ்பம் தீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். நான் முன் ஆசனத்தில். வத்தேகம, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசல். நான் வளைவுக்கு வளைவு பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"மாஸ்டர், முன்னுக்குப் பாருங்க. நீங்க திரும்பினா நானும் திரும்புறன். ரெண்டு பேரும் திரும்பினா ரோட்ட யாரு பாக்கிற?"

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்ததும் நேராக நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். உடம்பில் ஒரு அணையாடை, கண்ணில் ஒரு கட்டு. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேர்கனில் நான் நிற்கும் அதே கோலம். என்னைவிட அவளுக்கு அது பொருத்தமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டேன். வெயில் பஞ்சமான டென்மார்க்கில் ஒரு வைத்தியர் நூறு வருடத்துக்கு முன்பே விளக்கொளியால் தோல் காசநோயைக் குணப்படுத்திய கதை. பின்னாளில் இங்கிலாந்துத் தாதி ஒருத்தி, வெயிலில் வைத்த பிள்ளையின் தோல் வெளுத்தும் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும் இருந்ததைக் கண்ட கதை. நீலம் தோலுக்குள் புகுந்து அந்த மஞ்சள் சரக்கை உடம்பு வெளியே தள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் விதம். மீனா பிறந்தபோது குழல் விளக்காக இருந்தது இப்போது குளிர்ந்த சிறு விளக்குகளாகிவிட்டது. இனி பிள்ளையைத் தாயின் மடியிலேயே வைத்து, ஒளிவிடும் போர்வையால் சுற்றும் வழக்கம் எல்லா இடத்துக்கும் வரும் என்பதுவரை எல்லாம் சொன்னேன்.

"நீங்க டாக்டரா ஐயா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"கணக்கு வாத்தியார்" என்றேன். அவள் எழுந்து பக்கத்து வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சீயா, பொட்டக் அயின் வென்ன" என்று தாதி, தாத்தாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி சிங்களத்தில் சொல்லி, என்னைக் கதவடியிலிருந்து விலக்கினாள். ஒளி வைத்தியத்தின் வரலாறு அவளுடைய மருந்துத் தள்ளுவண்டிக்கு வழிவிட்டது.

மறுநாள் பின்னேரம் பிள்ளை கத்தியது. பசிக்கு அழும் முழுக் கத்தல். புஷ்பம் வராந்தாவுக்கு ஓடிவந்து, "குடிக்கிறாத்தான், நல்லா இழுத்துக் குடிக்கிறா" என்றாள். என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிடித்திருப்பது எந்தக் கை என்று அவளுக்கு நினைவு வந்ததோ இல்லையோ, விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்று நான் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. தடிமன் என்று சொல்ல இனி வழியில்லை.

கௌரி நிமிர்ந்து பார்த்தாள். "கை கழுவிட்டீங்களா பெரியப்பா?"

எல்லோரையும் கேட்கிற அதே கேள்வி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை, கீழும் இல்லை. நான் ஏற்கெனவே இரண்டு தரம் கழுவியிருந்தேன். இருந்தாலும், "இல்லம்மா, இந்தா வாறேன்" என்று போய் மூன்றாம் தரம் கழுவிவிட்டு வந்தேன். பிள்ளையைக் கையில் வைத்தாள். கனம் எவ்வளவு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வாத்தியார் சரியாகச் சொல்லுவார் என்ற நம்பிக்கை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வெசாக் பல்ப் இப்போது தம்பி வீட்டு முன்வாசலில் எரிகிறது. ரஸீன் நானா திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் நான்தான் பொறுப்பு என்று சொல்லித் திரிகிறாராம்.

6

பேர்கனில் இப்போது பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டு. புதிய விளக்கைச் சுவரில் மாட்ட ஞாயிற்றுக்கிழமை மீனா வந்தாள். மூன்று ஆணி அடித்தாள், அதில் ஒன்று வளைந்தது. தன்னுடைய தொலைபேசியில் ஏதோ தட்டி என்னுடையதில் ஏதோ வரவைத்தாள்.

"இதுவே வினாடியை எண்ணும், அப்பா. உங்களுக்கு இனி எண்ண வேண்டிய வேலை இல்லை" என்றாள். அவளுடைய தமிழ் நோர்வேச் சட்டை போட்டிருக்கும், ஆனால் விளங்கும்.

அப்படியென்றால் எனக்கு என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். எழுந்து குசினிக் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன்.

"இப்போது எதற்கு?"

"நாலரைக்குக் கௌரி கூப்பிடுவாள். பிள்ளையைக் காட்டுவாள்."

"போனில்தானே, அப்பா."

"ஆமாம். ஆனால் அவள் கேட்பாள்."

மீனா என்னைப் பார்த்தாள். சுருட்டிய சட்டைக் கையையும் பார்த்தாள். தொலைபேசி அலறத் தொடங்கியது. "எடுக்காதீங்க, ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு, அவளும் குழாயடிக்குப் போனாள்.